புதிய கம்பைலரும் பழைய தண்ணீர் முறையும்

ஒரு வட்டை முழுக்க வயல் செய்கிறவர்கள் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து நின்று, எனக்கே விளங்காத ஒன்றை அவர்களுக்கு விளங்கப்படுத்தியவன் நான். “பழைய கம்பியூட்டர் போட்டுத் தந்த தண்ணீர் முறை அவ்வளவு திருத்தமில்லை, இந்தப் புதியதுதான் சரியானது” என்று சொன்னேன். சொல்லும்போது வலது கைச் சுட்டுவிரலை உயர்த்தியும் இருந்தேன். பேசியதைக் காலப்போக்கில் சனங்கள் மறந்துவிடுவார்கள். விரலை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வயல் என்னுடையதல்ல. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது, வயல் இருந்தால் அதுவும் பெண்ணுடையது. நான் கல்முனையிலிருந்து சில பெட்டிப் புத்தகங்களோடு சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தவன். என் மனைவிக்கு ஊருக்கு மேற்கே உள்ள வட்டையில் கொஞ்ச நிலம் இருந்தது. ஒரே மதகிலிருந்து தண்ணீர் பாயும் வயல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வட்டை என்பதைக்கூட அவள்தான் எனக்குச் சொன்னாள். நெல்லைப் பற்றி அதுவரை எனக்கு இருந்த அறிவு, அது சோறாகித் தட்டுக்கு வந்த பிறகு தொடங்குவது.

பெரும்போகத்தை மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகம் அப்படியல்ல, குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரை நம்பி விதைப்பது. மதகைத் திறந்தாலும் எல்லாக் கிளை வாய்க்கால்களுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறாது. ஆகவே முறை வைத்துத்தான் விடுவார்கள். முதல் முறை கிடைத்தவர் காலத்தோடு விதைத்துக் காலத்தோடு வெட்டுவார். கடைசி முறைக்காரரின் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குளம் வற்றிப்போகும். அவர் வரம்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யாருக்கு எந்த முறை என்பதை முன்பு முட்டி என்னும் மண்பானைக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்களாம். ஒரு வருடம், ஒரு சீட்டு மட்டும் ஐஸ் பெட்டிக்குள் இருந்து வந்தது என்றும், சீட்டு எடுக்க வந்த பிள்ளையிடம் “குளிர்ந்ததை எடு” என்று சொல்லி வைத்திருந்தார்கள் என்றும் கதை கிளம்பியது. மெய்யோ பொய்யோ, அந்த வருடம் மம்பட்டிப் பிடிகள் முறிந்தன. மண்ணை வெட்டி முறியவில்லை.

அதற்குப் பிறகுதான் வட்ட விதானையார் என்னைத் தேடி வந்தார். வட்டையின் தண்ணீரைப் பங்கிட்டு, மதகைத் திறந்து மூடும் பொறுப்பு அவருடையது. அப்போது நான் புது மாப்பிள்ளை. அந்த வட்டாரத்தில் கம்பியூட்டர் படித்தவர்கள் குறைவு.

“மாப்பிள்ள, மெசினால சீட்டுக் குலுக்க ஏலுமா?” என்று கேட்டார்.

“ஏலும்” என்றேன். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். “மெசின் குலுக்கினால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது” என்று சேர்த்தும் சொன்னேன்.

சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். உண்மையில் கம்பியூட்டர் ஒன்றையும் குலுக்குவதில்லை. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதை ஏதோ ஒன்றால் பெருக்கி, ஏதோ ஒன்றைக் கூட்டி, ஒழுங்கில்லாதவை போலத் தோன்றும் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தரும். அதே தொடக்க எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே எண்கள் அதே வரிசையில் திரும்ப வரும். இந்த இடத்தில்தான் என் கெட்டித்தனம் வேலை செய்தது. வாய்க்கால்களின் வரிசையை நான் எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே தொடக்க எண், ஆகவே அதே வரிசை. பிறகு வருடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில், கடைசியில் இருப்பவரைத் தூக்கி முதலில் வைத்து மற்றவர்களை ஒரு படி இறக்கிவிட்டால் முறை தானாகச் சுற்றும். இப்படி ஒரு சிறு கோப்பின் இடத்தை மிச்சம் பிடித்தேன். வாசிக்காத புத்தகங்களுக்கு ஒரு முழு அறையை ஒதுக்கி வைத்திருப்பவன் செய்த சிக்கனம் அது.

கையெழுத்து வைத்து எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வருடங்கள் போகப் போக அந்த வரிசைக்கு ஒரு மதிப்பு வந்தது. “பாத்தீங்களா, மணல் தரைக்குப் பொறகு களித் தரை வருது. மெசினுக்கு மண் தெரியும்” என்று ஒருவர் கண்டுபிடித்தார். இன்னொருவர், பள்ளத்து வாய்க்காலை மேட்டு வாய்க்காலுக்குப் பின்னால் போட்டதில் ஒரு நுட்பம் இருப்பதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் மனம் நோகும் என்பதற்காகச் சும்மா இருந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நோகக்கூடிய மனம் என்னுடையது.

இந்த வருடம் பழைய கம்பியூட்டர் செத்துப்போனது. எங்கள் ஊர்க் கடற்காற்று யன்னல் கம்பியைத் தின்பது எல்லாருக்கும் தெரியும், கம்பியூட்டரையும் அது விட்டுவைப்பதில்லை. புதியதில் பழைய புரோகிராம் ஓடமாட்டேன் என்றது. நல்லவேளையாக நான் எழுதிய மூல நிரல் எழுத்து வடிவில் பத்திரமாக இருந்தது. அதைப் புதிய கம்பைலரிடம் கொடுத்தேன். நாம் எழுதுவதை மெசினுக்கு விளங்கும் பாஷைக்கு மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. அதோடு கூடவே, பலரும் முன்பே எழுதி வைத்த ஃபங்ஷன்களின் லைப்ரரி ஒன்றும் வரும். திரையில் எழுத ஒன்று, எழுதியதை வாசிக்க ஒன்று, சீட்டுக் குலுக்க ஒன்று. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம், கலியாண வீட்டுக்குக் கிடாரம் இரவல் வாங்குவது போல. இத்தனை வருடம் கழித்து நான் அதே கதவைத் தட்டினேன். உள்ளே குடியிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

திரையைத் துடைக்கும் ஃபங்ஷனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றது புதிய கம்பைலர். ஒரு வரியை வாசிக்க நான் பாவித்த பழைய ஃபங்ஷன் ஆபத்தானது என்று லைப்ரரியை விட்டே நீக்கப்பட்டிருந்தது. சரியென்று நானே ஒன்று எழுதி அதற்கு ‘கெட்லைன்’ என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், உன்னுடையவர் அவரோடு ஒத்துப்போகவில்லை என்றது. பெயரை மாற்றினேன். அறிமுகம் செய்து வைக்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டதற்கும் திட்டு விழுந்தது. பழைய கம்பைலர் இதையெல்லாம் கண்டும் காணாமல் விட்டுவிடும். புதியது மாமியார் வீட்டு விருந்தில் மூத்த மச்சினி போல, ஒன்றையும் விடவில்லை.

கடைசியில் மிஞ்சியது ‘ராண்டம்’. சீட்டுக் குலுக்குகிறவர் இவர்தான். முன்பெல்லாம் “இத்தனை வாய்க்காலில் ஒன்றைத் தா” என்று எண்ணிக்கையைக் கொடுத்து அவரிடம் கேட்பேன். இப்போது, அந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்பட்டது அதிகம் என்று கம்பைலர் முறையிட்டது. புதிய ராண்டம் ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமல், கைநிறையப் பெரிய எண்ணாகத் தருகிறவர். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. எண்ணிக்கையை அழித்தேன். அவர் தந்த பெரிய எண்ணை வாய்க்கால்களின் தொகையால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டேன். வழு போய்விட்டது. ஒரு முறைப்பாடும் இல்லாத வெறுந்திரையைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வரிசையை அச்சடித்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டத்துக்குப் போனேன். போன வருடத்து முறையோடு அதை ஒத்துப்பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கம்பைலரே ஒன்றும் சொல்லவில்லையே.

கூட்டத்தில் முதலாவது முறையை வாசித்தேன். “பாலத்தடி வாய்க்கால்.” யாரோ செருமினார்கள். நான் வாசித்துக்கொண்டே போனேன். கடைசியாகப் புளியடி வாய்க்கால் என்றதும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

புளியடிக் காக்கா எழுந்தார். புளியமரத்தடியில் பிரியும் வாய்க்காலில் வயல் செய்கிறவர், ஆகவே ஊரில் அவருக்கு அந்தப் பெயர். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

“தம்பி, போன வருசமும் நான்தான் கடைசி. விளைஞ்சதெல்லாம் பதர். இந்த முற எனக்கு முதலாவதுதானே வரணும்? நான் காலையில விதநெல்லு ஊறப் போட்டுட்டு வந்து நிக்கன்.”

அவர் சொன்னதன் பாரம் அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை. ஊறிய நெல்லு காத்திருக்காது. ஊறப் போட்டால் அடுத்த நாள் தூக்கி மூடி வைக்க வேண்டும். அதற்கடுத்த நாள் முளை விடும். உடனே சேற்றில் வீசாவிட்டால் வேர் பின்னிக் கட்டியாகிவிடும். மதகு திறப்பது வெள்ளிக்கிழமை. முதல் முறைக்காரருக்கு அது அளந்து வைத்தது போன்ற நேரம். கடைசி முறைக்காரருக்குத் தண்ணீர் வர வாரக்கணக்காகும்.

“போன வருச முறைய ஒண்டு தள்ளிப் போட்டா முடிஞ்சிது. என்னத்துக்கு இவ்வளவு கத?” என்றார் ஒருவர். மிகச் சரியான பேச்சு. அந்த நேரத்தில்தான் நான் விரலை உயர்த்தினேன். பழையது அவ்வளவு திருத்தமில்லை என்று சொன்னேன். புதிய கம்பைலர் என்றேன். அறுபத்துநான்கு பிட் என்றேன். புது வரிசையில் மேலே ஏறியிருந்தவர்கள் எல்லாரும் “ஓம் ஓம், மெசின் சொன்னாச் சரி” என்று தலையாட்டினார்கள். அறிவியலுக்கு இவ்வளவு சீக்கிரம் ஆள் சேர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அது சரி, முதலாவது வந்த பாலத்தடி ஆர்ர வயல்?”

“நம்மட கம்பியூட்டர் மாப்பிள்ளட பொஞ்சாதிட.”

கூட்டம் சிரிப்பால் அதிர்ந்தது. என் காது சுட்டது. சத்தியமாக அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனேன். விதானையார் கையால் மறித்தார்.

“சும்மா இரிங்க எல்லாரும். அவருக்குக் களவெடுக்கத் தெரியா. தண்ணியில களவெடுக்கிறதெண்டா வயலப் பத்திக் கொஞ்சமாவது தெரிஞ்சிரிக்கணும். அவங்கட நெல்லு இன்னும் சாக்குக்குள்ள காஞ்சி கெடக்கு. முதல் முறைய வெச்சி இவர் என்ன, குளிக்கவா போறார்?”

என் நேர்மைக்கு இதைவிட உறுதியான சாட்சி இன்றுவரை கிடைத்ததில்லை. அந்தச் சாட்சிக்கு நான் இன்றும் நன்றியுள்ளவனாகவே இருக்கிறேன்.

“அப்ப என்ட முறையக் காக்கா எடுக்கட்டும், நான் கடைசியா எடுக்கன்” என்றேன்.

“அது ஏலா” என்றார் விதானையார். “ஒருத்தர் மாத்தினா எல்லாரும் மாத்துவாங்க. பொறகு மம்பட்டிப் பிடிதான் முறியும். மெசின் போடுறதுதான் முறையெண்டு கையெழுத்து வெச்சிரிக்கம். அது பிழையெண்டா என்ன பிழையெண்டு நீங்கதான் சொல்லணும். சரியெண்டு சொன்ன ஆளும் நீங்கதானே. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய மதகு தொறக்கிற. அதுக்குள்ள காரணத்தோட வாங்க.”

வீட்டுக்குப் போனபோது கதை எனக்கு முன்பே போயிருந்தது.

“நமக்கு முதல் முறையாமே” என்றாள் மனைவி.

“ஆரு சொன்ன?”

“காக்காட பொஞ்சாதி போன் எடுத்தா. ஏசுவாவெண்டு நெனச்சன், ஏசல்ல. அழவும் இல்ல. ‘மாப்பிள்ள விரல நீட்டிக் கதைச்சாராமே’ எண்டு மட்டும் கேட்டா.” என் கையைப் பார்த்து, “மெய்யா நீட்டினீங்களா?” என்றாள்.

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

வியாழன் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். காக்கா தன் வயல் குடிசையான வாடிக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தொட்டியிலிருந்து சாக்குகளைத் தூக்கி, தண்ணீர் வடியவிட்டு, வைக்கோல் போட்டு மூடிக்கொண்டிருந்தார். ஈரச் சணலும் நெல்லும் கலந்த புளிப்பு வாசம் அடித்தது. நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். “உடுப்பு நனையும், விடுங்க” என்றார்.

பிறகு ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, “கையப் போட்டுப் பாருங்க தம்பி” என்றார். போட்டேன். ஒவ்வொரு நெல்லும் புடைத்து, விரலிடுக்கில் உயிருள்ளது போல நழுவியது. உள்ளே இலேசான சூடு தொடங்கியிருந்தது.

“நாளைக்கு முளை எட்டிப் பாக்கும். தண்ணி வந்தா நாளைக்கே சேறடிச்சி, பலகை இழுத்து, சனிக்கிழம விடிய வீசலாம். அதுக்குப் பிந்தினா இது நெல்லும் இல்ல, அரிசியும் இல்ல. கோழிக்குத்தான்.”

வாடிக்குள் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டு என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக் கேட்டார். “மெய்யாத்தான் பழைய முறை பிழையா தம்பி?”

“தெரியா காக்கா” என்றேன். அந்த விடயத்தில் என் வாயிலிருந்து வந்த முதலாவது சரியான வசனம் அது.

“இத நேத்தே சொல்லியிருந்தா நான் ராவு நித்திர கொண்டிருப்பன்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். ஏசியிருந்தால் அந்தத் தேநீர் எளிதாக இறங்கியிருக்கும்.

திரும்பி வந்து, மாற்றியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். திரையைத் துடைப்பதற்கும் முறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வரி வாசிப்பதற்கும் இல்லை. ராண்டத்தில் வந்து நின்றேன். கொடுக்கப்பட்டது அதிகம் என்று கம்பைலர் சொன்னதன் பொருள் மெதுவாக உறைத்தது. நீ தேடி வந்தவர் இவரல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று என்று அது என்னிடம் சொல்லியிருக்கிறது. நானோ அதன் வாயை அடைப்பதிலேயே குறியாக இருந்தேன். புதிய லைப்ரரியின் ராண்டம் வேறொரு பெருக்கலை, வேறொரு கூட்டலைச் செய்கிறவர். அதே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் அவர் தருகிற சீட்டுகள் வேறு. பழைய கம்பைலரும் பிழைவிடவில்லை, புதியதும் பிழைவிடவில்லை. வரிசையைச் சேமிக்காமல் அதை இன்னொருவரின் குலுக்கலில் அடகு வைத்தவன் நான்.

இனி அந்தப் பழைய குலுக்கலின் கணக்கு தெரிய வேண்டும். அந்தக் கம்பைலரை விற்றவர்கள் அதைக் கைவிட்டுப் பல வருடமாயிற்று. இணையத்தில் தேடினேன். எங்கோ ஒரு கருத்துக்களத்தில், நான் விழுந்த அதே குழியில் விழுந்த ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய பழைய கம்பியூட்டர் விளையாட்டு, புதிய கம்பைலரில் வேறு மாதிரி வரைபடங்களை வரைகிறதாம். கீழே இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். பழைய ஃபங்ஷன் எந்த எண்ணால் பெருக்குகிறது, எதைக் கூட்டுகிறது, விடையின் எந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தருகிறது என்று பொறுமையாக, ஒரு வார்த்தை பிசகாமல். அவர் எந்த நாட்டவரோ, என்ன வயதோ தெரியாது. விளையாட்டு ஒன்றுக்காக அவர் எழுதி வைத்தது, புளியடி வாய்க்காலில் சாக்குக்குள் சூடேறிக்கொண்டிருக்கும் நெல்லுக்கு உதவப்போகிறது என்பது அவர் கனவிலும் வந்திருக்காது. நன்றி எழுதலாம் என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டிருந்தார்கள். அடுத்த நாள் துஆவில் பெயரில்லாமல் அவரைச் சேர்த்துக்கொண்டேன். போய்ச் சேர வேண்டிய விலாசம் அல்லாஹ்வுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கை வைத்து நானே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். இந்த முறை பெயர் விடயத்தில் கவனமாக இருந்தேன். ‘விதானை’ என்று வைத்தேன். எந்த நாட்டு லைப்ரரியிலும் அந்தப் பெயரில் ஒருவர் வந்து குடியேற வாய்ப்பில்லை. முதல் தடவை வந்த வரிசையும் கோணலாகத்தான் இருந்தது. பழைய மெசினில் எண்ணுக்கு இருந்த இடம் சின்னது, புதியதில் பெரியது. அந்த அளவுகளையும் பழையபடி இறுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும், வருவது சரியா என்று தெரிந்துகொள்ளப் போன வருட முறை தேவைப்பட்டது.

மனைவி பக்கத்தில் இருந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “போன வருசம் முதலாவது வாகையடி. பொறகு கோணல் வாய்க்கால். பொறகு நம்மட” என்று தலையை நிமிர்த்தாமல் கடைசி வரைக்கும் சொன்னாள். புரோகிராமைப் போன வருடத்துக்கு ஓடவிட்டேன். வாகையடி. கோணல். பாலத்தடி. அவள் சொல்லச் சொல்லத் திரையில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. கடைசி வரியில் புளியடி வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இந்த வருடத்துக்கு ஓடவிட்டேன். முதலாவது வரியில் புளியடி.

“பாத்தியா புள்ள!” என்றேன்.

“என்னத்தப் பாக்கிற? இதத்தானே நான் இப்ப சொன்ன” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் மதகடியில் கூடினார்கள். விரல்கள் அனைத்தையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசினேன். புதிய மெசின் திருத்தமானது என்று நான் சொன்னது பிழை என்றேன். ஒரு பெயரை நம்பி இரவல் வாங்கினேன், வாங்கியது பழைய சாமானா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது என்றேன். காரணம் கேட்டவர்களுக்குப் பழைய கணக்கையும் புதியதையும் கடதாசியில் போட்டுக் காட்டினேன். பிறகு, பேச்சோடு பேச்சாக, இத்தனை வருடமாகச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். இந்த வரிசையில் மண்ணும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை, வெறும் குலுக்கல்தான்.

“இல்ல இல்ல, அதுக்கு மண் தெரியும்” என்றார் முன்பு மணல் தரையையும் களித் தரையையும் கண்டுபிடித்தவர். “இவருக்குத்தான் தெரியா.”

புது வரிசையில் இரண்டாவதாக ஏறியிருந்தவர் கடதாசியை வாங்கிப் பார்த்தார். தன் வாய்க்கால் கீழே எங்கோ கிடப்பதைக் கண்டு முகத்தைச் சுருக்கினார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் பழையபடி வாக்குவாதம் தொடங்கியிருக்கும். அவர் புளியடிக் காக்காவைப் பார்த்தார். காக்கா யாரையும் பார்க்காமல் மதகையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

“சரி, தொறங்க விதானையார்” என்றார் கடதாசியை வைத்திருந்தவர். “ரெண்டு நாளாவது நான் ரெண்டாவது ஆளா இருந்தன். அது போதும்.”

விதானையார் சக்கரத்தைத் திருப்பினார். பெரிய வாய்க்காலில் வந்த தண்ணீர், குப்பையையும் காய்ந்த இலைகளையும் தள்ளிக்கொண்டு புளியடிப் பக்கம் திரும்பியது. காக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் வரம்பு நீளம் நடந்தார். தண்ணீர் வேகமாகப் போனால் அவரும் வேகமாக, நின்றால் அவரும் நின்று.

சனிக்கிழமை விடியற்காலை மனைவியும் நானும் போனோம். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்த நெல்லைக் காக்கா கூடையில் அள்ளி வீசிக்கொண்டிருந்தார். சேற்றில் அது விழும் சத்தம் கேட்கவே கேட்காத அளவு மெல்லியது. அன்று எனக்குக் கேட்டது.

இப்போது வரிசையைக் கோப்பில் சேமித்து வைத்திருக்கிறேன். ஒரு பிரதி விதானையார் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மூலப் பிரதி என் மனைவியின் தலைக்குள். கம்பைலர் ஏதாவது முறையிட்டால் இப்போதெல்லாம் அதன் வாயை அடைக்கப் போவதில்லை. என்ன சொல்கிறது என்று முழுவதையும் கேட்கிறேன். பெரும்பாலும் அது என் நன்மைக்குத்தான் சொல்கிறது. வீட்டில் கேட்டுப் பழகியது போன்ற தொனி, ஆகவே சிரமமில்லை. ஏசாத காக்காவுக்கும், இரண்டு நாளோடு போதும் என்றவருக்கும், கேட்காத எனக்காக எப்போதோ பதில் எழுதி வைத்த அந்த முகம் தெரியாதவருக்கும் நான் பட்டிருக்கும் கடனை இந்தப் பக்கங்களில் எழுதி முடிக்க இயலாது.

வெட்டு முடிந்த பிறகு காக்கா வீட்டுக்கு வந்தார். நல்ல விளைச்சல். புது அரிசி ஒரு பை கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தார். பிளேன்டீ குடித்தார். போகும்போது, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, பல நாளாக யோசித்து முடிவுக்கு வந்தவர் போலச் சொன்னார்.

“தம்பி, அண்டைக்கு மதகடியில நீங்க சொன்னது எனக்கு இப்பதான் வடிவா வெளங்கிச்சி. அப்ப இதுவும் முட்டிதானே? பழைய முட்டி கரண்டு குடிக்கல்ல, அவ்வளவுதான்.”